ஆப்பிரிக்கா போக ஆறு கவுன்: ஹட்டனில் ஒரு மாடித் தையல் கடை

ஹட்டன் பிரதான வீதியில் ஒரு மருந்துக் கடைக்கும் ஓர் அடகுக் கடைக்கும் நடுவில் ஒடுக்கமான படிக்கட்டு ஒன்று மேலே ஏறுகிறது. பெயர்ப்பலகை கிடையாது. பதினெட்டுப் படி ஏறினால் இடது பக்கம் ஓர் அறை. இரண்டு கால் மெஷின், ஒரு ஓவர்லொக் மெஷின், ஜன்னலோரம் துணி வெட்டும் மேசை, சுவரில் பிள்ளையார் படம். கடை தெரியாவிட்டால் கீழே மருந்துக் கடையில் "மாடி டெய்லர் அக்கா" என்று கேளுங்கள், காட்டிவிடுவார்கள்.

மார்ச்சில் தைக்கக் கொடுத்தேன். ஏப்ரல் கடைசியில் கைக்கு வந்தது. இரண்டு மாதம் உடுத்தி, துவைத்து, காயவைத்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். இன்னும் மூன்று வாரத்தில் நான் இந்த நாட்டில் இருக்க மாட்டேன். போவதற்கு முன் இந்த அக்காவைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது மனதில் இருந்துகொண்டே இருந்தது.

நான் ஓர் அருட்சகோதரி. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தவர். துறவறத்தில் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது, அதில் ஏழு வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். வெளிநாட்டு மறைபரப்புப் பணிக்குப் போக விருப்பம் என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். போன வருடக் கடைசியில் பதில் வந்தது: தன்சானியா, இரிங்கா பகுதியில் முஃபிண்டி என்ற ஊர்.

கடுதாசி வேலைகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பாஸ்போர்ட், பொலிஸ் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு என்று நாலு மாதம் போனது. என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தலையிடி என்று நான் விளக்கத் தேவையில்லை. எல்லாம் ஒருவழியாக முடிந்தது. உடுப்பு விசயத்தில்தான் நான் முதலில் பிழை விட்டேன்.

இங்கே எங்கள் சகோதரிகள் சேலைதான் கட்டுகிறோம். அங்கே சபையின் வழக்கம் முழுநீளக் கவுனும் தலை முக்காடும். பதினோரு வருடம் சேலை கட்டிய உடம்புக்குக் கவுன் புதிது. கொழும்பில் ஒரு கடையில் தைத்து வைத்த வெள்ளைக் கவுன் இரண்டு வாங்கினேன். பார்க்க அழகாக இருந்தது, சுருக்கமே விழவில்லை, கழுவினால் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்தது. எனக்குப் பெரிய சந்தோசம். கைநீளம் மட்டும் கொஞ்சம் குறைய வேண்டியிருந்தது, அதற்காகத்தான் இந்த மாடிப்படியில் முதலில் ஏறினேன்.

அக்கா கவுனைக் கையில் வாங்கி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு கைநீளத்தைப் பற்றிப் பேசாமல் வேறு கேட்டார்.

"சிஸ்டர், இத உடுத்திக்கிட்டு எங்க போறீங்க?"

ஆப்பிரிக்கா என்றேன்.

"ஆப்பிரிக்கான்னா எந்த எடம்? எத்தன அடி ஒசரம்?"

அதுவரை என்னிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஆப்பிரிக்கா என்றதும் எல்லோரும் வெயிலைத்தான் பேசினார்கள். குடை கொண்டு போ, தொப்பி கொண்டு போ, மெல்லிய துணியாக எடு என்றார்கள். நானும் வெயிலை நினைத்துத்தான் அந்தக் கவுன்களை வாங்கியிருந்தேன். முஃபிண்டி ஆறாயிரம் அடிக்குக் கிட்டத்தட்ட இருக்கிறது என்று நான் படித்திருந்தேன். ஆனால் படித்ததை உடுப்போடு சேர்த்து யோசிக்கவில்லை.

"அப்ப நுவரெலியா மாதிரி. குளிர் எந்த மாசம்?"

பூமத்திய ரேகைக்குத் தெற்கே என்பதால் அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் குளிர்காலம். நான் இறங்கப் போவது ஜூலையில். அங்கேயும் தேயிலைத் தோட்டம், அங்கேயும் மூடுபனி. இதை நான் சொல்லச் சொல்ல அக்கா மேசை மேலிருந்த கொப்பியில் எழுதிக்கொண்டார். பிறகு என் அழகான கவுனை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இது அந்த ஊருக்கு ஆகாது சிஸ்டர். ஒடம்புல ஈரமா ஒட்டும், குளிரத் தாங்காது" என்றார்.

அன்று நான் வந்த வேலை முடியவில்லை. ஆனால் என் பயணத்துக்கான உண்மையான ஆயத்தம் அந்த மேசையில்தான் தொடங்கியது என்று நம்புகிறேன்.

அடுத்த கிழமை இன்னொரு விசயத்தைக் கேட்டுக்கொண்டு போனேன். தன்சானியாவில் பல வருடம் பணி செய்து திரும்பிய எங்கள் மூத்த சகோதரி ஒருவர் சொன்னது அது. அந்தப் பக்கத்து நாடுகளில் மாம்பழ ஈ என்று ஒன்று உண்டு. வெளியில் ஈரமாகக் காயப்போட்ட துணியில் அது முட்டை இடும். அந்தத் துணியை அப்படியே உடுத்தினால் முட்டையிலிருந்து வரும் புழு தோலுக்குள் புகுந்துவிடும். கட்டி மாதிரி வீங்கும். அதனால் வெளியில் காய்ந்த எந்தத் துணியையும், உள்ளுடுப்பையும் சேர்த்து, நன்றாகச் சூடேறிய இஸ்திரிப் பெட்டியால் உள்ளும் புறமும் தேய்த்துத்தான் உடுத்த வேண்டும். மின்சாரம் நிற்கும் நாளில் கரிப் பெட்டிதான். கரிப் பெட்டியில் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு திருகும் இல்லை.

இதைச் சொன்னதும் அக்கா எழுந்து போய்ச் சூடான இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்தார். கொழும்புக் கவுனின் கீழ் மடிப்பின் உள்பக்கத்தில் ஒரு மூலையை வைத்து, என்னைப் பார்க்கச் சொல்லி, பெட்டியை அதன்மேல் வைத்து எடுத்தார். துணி பளபளவென்று ஆகி, ஓரம் சுருண்டு, விரலால் தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி கட்டியாக இருந்தது. "இதுல எப்படி சிஸ்டர் நல்லா சூடா தேய்ப்பீங்க?"

அதற்குப் பிறகு எல்லா முடிவும் அந்தச் சூட்டை வைத்துத்தான் எடுக்கப்பட்டது. துணி முழுப் பருத்தி. ஒரு முழு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்டினார். பருத்தி முதல் கழுவலில் சுருங்கும், வெட்டுமுன் சுருங்கட்டும் என்றார். முதுகில் ஸிப் இல்லை, முன்னால் பொத்தான். இடுப்பில் இலாஸ்டிக் இல்லை, நாடா. பைகளை உள்ளே தொங்கவிடாமல் வெளியே ஒட்டித் தைத்தார், அப்போதுதான் இஸ்திரி எல்லா இடமும் படும். தையல் விளிம்புகளைக் கனமாக மடிக்காமல் விரித்துத் தட்டையாக வைத்தார். கைகள் மணிக்கட்டு வரை. மலேரியா பரப்பும் நுளம்பு இரவில் கடிப்பது, அங்கே இரவுச் செபத்துக்கு முழங்கை தெரிய நிற்கக்கூடாது. இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் பெற்றது. அதனால் என் வயதுக்காரர்களுக்கு அந்த நோயின் பயமே தெரியாது. அக்காவின் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. குயினைன் கசப்பைப் பற்றி அவர் சொன்ன கதைகளை அக்கா தைத்துக்கொண்டே சொன்னார்.

குளிருக்குக் கவுனின் உள்ளே போட ஃபிளானல் உள்பாவாடை மூன்று. ஸ்வெட்டர் தன் வேலையில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். நுவரெலியா பேல் பஜாரில் போய்ப் பாருங்கள், கடும் நீலமும் கறுப்பும் வேண்டாம் என்றார். அந்த நிறம் ஏன் வேண்டாம் என்று கேட்டேன். அழுக்குத் தெரியாது, தெரியாவிட்டால் நீங்கள் கழுவ மாட்டீர்கள் என்றார். பிறகு மூத்த சகோதரியிடம் சொன்னபோது அவர் இன்னொரு காரணம் சொன்னார்: ஆப்பிரிக்காவில் தூக்க நோயைப் பரப்பும் ட்செட்சே ஈயை நீலமும் கறுப்பும் இழுக்குமாம், அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளையே அந்த நிறத் துணியில்தான் செய்வார்களாம். நான் போகும் குளிர்ப் பகுதிக்கு அந்தக் கவலை குறைவு. ஆனாலும் சாம்பல் நிறத்தில் ஒன்று வாங்கிவிட்டேன்.

இனி குறைகள். ஏப்ரல் 8 என்று சொன்னார், கைக்கு வந்தது 27. சித்திரை வருடப் பிறப்பு நெருக்கடி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பொகவந்தலாவையிலிருந்து மூன்று தடவை பஸ் ஏறி வந்து வெறுங்கையோடு திரும்பினேன். ஒரு தடவை மழையில் ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸுக்கு நின்றேன். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொல்லும் பழக்கம் அக்காவுக்கு இல்லை, நாம்தான் எடுத்துக் கேட்க வேண்டும். முதல் கவுனில் வலது கை முழங்கையில் பிடித்தது. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் முதுகு இழுத்தது. அதைச் சொன்னதும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் பிரித்து, அக்குளில் சின்ன முக்கோணத் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. மற்ற ஐந்திலும் நான் சொல்லாமலே அதே துண்டை வைத்திருந்தார். பொத்தான் துளைகள் வேறு யாரிடமோ கொடுத்துச் செய்வது போல் இருக்கிறது, இரண்டில் நூல் பிரிந்தது. அதை நானே தைத்துக்கொண்டேன்.

பருத்திக்கென்று ஒரு கஷ்டமும் உண்டு, அது டெய்லரின் பிழை அல்ல. ஜூன் மாதத்து ஹட்டன் தூறலில் இந்தக் கவுன் காய இரண்டு நாள் எடுக்கிறது. அடுப்புக்கு மேலே கம்பி கட்டித் தொங்கவிட்டால் புகை வாசம். முஃபிண்டியிலும் குளிர்காலத்தில் தூறலும் பனியும் என்பதால், இங்கே பழகியது அங்கே உதவும் என்று வேண்டுமென்றே மழை நாட்களில்தான் கழுவினேன். ஆறில் ஒன்றை மட்டும் பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த துணியில் தைத்தோம், வீட்டுக்குள் காயவைத்துப் பயணத்தில் உடுத்த. அது நல்ல யோசனை. இன்னொருவர் போனால் அப்படி இரண்டு எடுக்கச் சொல்வேன்.

கூலி: கவுன் ஒன்றுக்கு 1,900 ரூபாய், முக்காடு 450, உள்பாவாடை 700. துணி நம்முடையது. என் உயரத்துக்குக் கவுன் ஒன்றுக்கு மூன்றரை மீற்றர் போனது. கொழும்பில் நான் வீணாக்கிய இரண்டு கவுன்களின் விலையில் இங்கே நாலுக்குத் தையல் கூலி கொடுத்திருக்கலாம். பெட்டிக்கு 23 கிலோ என்பதால் எல்லாவற்றையும் தராசில் வைத்துப் பார்த்தேன். ஆறு கவுன், ஆறு முக்காடு, மூன்று உள்பாவாடை சேர்ந்து ஐந்து கிலோவுக்குள் நின்றது.

இரண்டு மாதத்தில் ஒவ்வொரு கவுனையும் எட்டுப் பத்துத் தடவை கழுவியிருப்பேன். கல்லில் அடித்தும் பார்த்தேன். சுருங்கவில்லை. ஒரு தையலும் விடவில்லை. கீழ் மடிப்பில் மூன்று அங்குலம் உள்ளே விட்டிருக்கிறார், தேய்ந்தால் இறக்கிக்கொள்ள. அந்த மடிப்புக்குள் அதே துணியில் உள்ளங்கை அளவு துண்டு ஒன்றையும் நாலு பொத்தானையும் தனித்தனியாகத் தைத்து வைத்திருக்கிறார். நான் கேட்கவே இல்லை. வீட்டில் இஸ்திரி போடும்போதுதான் விரலில் தட்டுப்பட்டது.

அந்த அறையில் உட்கார்ந்திருந்த பொழுதுகளில் புனித யோசப் வாஸ் அடிகளார் அடிக்கடி நினைவுக்கு வந்தார். கோவாவிலிருந்து 1687இல் இலங்கைக்கு வந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்த காலம். குருவின் அங்கியைக் கழற்றிவிட்டு, கூலியாள் போல் உடுத்தி யாழ்ப்பாணத்தில் இறங்கினார். தமிழ் படித்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள், அங்கே இருந்து சிங்களம் படித்தார். கண்டியில் அம்மை நோய் பரவியபோது மற்றவர்கள் ஓடிய இடத்தில் நோயாளிகளைப் பார்த்தார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்த அன்று, கூட்டத்தில் நானும் ஒரு இளம் பெண்ணாக நின்றேன். சபையில் சேர வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் உறுதியானது. நம்முடைய மலைகளுக்குக் கப்பலேறி வந்தவர்கள் எத்தனையோ பேர். தோட்டத் தொழிலாளருக்கென்றே 1854இல் தமிழ்க் கூலி மிஷன் என்று ஒன்றைக் கண்டியில் தொடங்கினார்கள். அந்தப் பெயரைச் சொல்லவே எனக்கு மனம் நோகிறது, ஆனால் எங்கள் முன்னோரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள். இப்போது அதே லயத்தில் பிறந்த ஒரு பிள்ளை இங்கிருந்து போகிறது. போகிற இடத்தில் யாரையும் அப்படி ஒரு பெயரால் அழைக்கக்கூடாது என்பது எனக்குள் உறுதியாக இருக்கிறது.

அக்கா சைவர். என் மதத்தைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. நான் படிக்கும் சுவாஹிலியைப் பற்றித்தான் கேட்பார். அங்கே பெரியவர்களைக் கண்டால் "ஷிகமோ" என்று சொல்ல வேண்டும், அவர்கள் "மரஹபா" என்று பதில் சொல்வார்கள். ஷிகமோ என்பது "காலைப் பிடிக்கிறேன்" என்ற பொருளில் வந்தது என்று சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நம்ம கால்ல விழுந்து கும்பிடுற மாதிரிதானே" என்றார். அதற்குப் பிறகு நான் படியேறும் சத்தம் கேட்டாலே உள்ளிருந்து "ஷிகமோ சிஸ்டர்" என்று குரல் வரும். அவர் என்னைவிட மூத்தவர், நான்தான் சொல்ல வேண்டும் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை.

கடைசி நாள் கவுன்களைக் கட்டித் தரும் முன் என்னை மெஷினில் உட்காரவைத்தார். ஒரு பழைய துண்டைக் கொடுத்து மடிப்புத் தைக்கச் சொன்னார். கோணலாகப் போனது. பிரிக்கச் சொன்னார். மறுபடி தைத்தேன், மறுபடி பிரிக்கச் சொன்னார். நாலாவது தடவை நேராக வந்தது. "அங்க ஒங்களுக்கு நான் இல்லையே" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நாட்டில் தையல்காரரை "ஃபுண்டி" என்பார்கள் என்று சொன்னேன், தச்சருக்கும் கொத்தனாருக்கும் அதே சொல்தான், கைவேலை தெரிந்தவர் எல்லோரும் ஃபுண்டி. அக்கா ஒரு கெட்டி அட்டையை எடுத்து என் அளவு முழுவதையும் எழுதினார். தோள், மார்பு, கைநீளம், மணிக்கட்டு, முழு உயரம். அங்குலத்தில் ஒரு வரிசை, பக்கத்தில் சென்ரிமீற்றரில் ஒரு வரிசை. எந்த அளவு எந்த இடத்துக்கு என்று சொல்லில் எழுதாமல் ஒரு சின்ன உருவம் வரைந்து கோடு இழுத்துக் காட்டியிருக்கிறார். அந்த ஊர் ஃபுண்டிக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீசும் தெரியாமல் இருக்கலாம், படம் விளங்கும் என்றார். வலது அக்குளில் முக்கோணம் ஒன்றும் வரைந்திருக்கிறது.

பணிக்காக வெளிநாடு போகும் சகோதர சகோதரிகள், வீட்டு வேலைக்கும் தாதி வேலைக்கும் போகும் பெண்கள், யாராக இருந்தாலும் இந்தக் கடைக்குப் போகலாம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரையைப் பிடித்தது தாமதத்துக்காக. போகும் ஊரின் உயரம், குளிர் மாதம், அங்கே துணி எப்படிக் காயவைப்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள், அக்கா கட்டாயம் கேட்பார். காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஐந்தரைக்கு மூடுவார், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதால் மதியத்துக்குப் பிறகு இருக்க மாட்டார். தீபாவளிக்கு முந்திய ஆறு கிழமையும் சித்திரைக்கு முந்திய மாதமும் வேண்டாம். சொன்ன திகதியோடு இரண்டு கிழமை கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஏறுமுன் ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள்.